எங்கள் வீட்டில் அப்டேட் கிடையாது

"இந்த வீட்டுல இனிமே எந்தப் பட்டனும் இடம் மாறாது!" என்று ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பிரகடனம் செய்தேன். பிரகடனம் என்றால் எழுந்து நின்று, கையை உயர்த்திச் செய்ய வேண்டும். நான் உட்கார்ந்தபடியே செய்தேன். மடியில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

மடியில் ஏன் தட்டு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு நடப்பதில்லை. அங்கே என் மனைவி திரைச்சீலை வெட்டுகிறாள். ஜன்னல் திரை, கதவுத் திரை, மடிப்புத் திரை என்று ஊரெல்லாம் அவளிடம் ஆர்டர். பின்னறை ஒன்று இருக்கிறதே, அங்கே வெட்டக்கூடாதா என்றால், அங்கே என் சாமான்கள் இருக்கின்றன. நான் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களில் கழற்றிப் போடும் பித்தளைப் பட்டன் பலகைகள், கதவு உருளைகள், இரும்புக் கயிற்றுத் துண்டுகள், லிஃப்ட்டுக்குள் மாட்டியிருந்த ஒரு டெலிபோன், எல்லாவற்றையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது உதவும். என் மனைவிக்கு அந்த அறைமேல் ஒரு கண். அதனால் எனக்கு அதன்மேல் எப்போதும் இரண்டு கண்.

பிரகடனத்துக்குக் காரணம் கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர். வேலைக்குக் கிளம்புமுன் நான் ஆபீசுக்கு ஒரு பராமரிப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். முதல்நாள் வரை ஒழுங்காக இருந்த கம்ப்யூட்டர், ராத்திரி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, காலையில் வேறு யாரோ மாதிரி எழுந்து நின்றது. இடது ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டனைக் காணோம்.

"ஏங்க, மானிட்டருக்குள்ள போயிடப் போறீங்க. எதைத் தேடறீங்க?"

"ஸ்டார்ட் பட்டனை."

"நடுவுல இருக்கு பாருங்க."

"நேத்து ஓரத்துல இருந்துச்சே?"

"இன்னிக்கு நடுவுல இருக்கு."

"யாரைக் கேட்டு நகர்ந்துச்சு?"

"உங்களைக் கேட்டா நகர விட்டிருப்பீங்களா?"

அன்று அறிக்கை தாமதமாகப் போனது. நானும் தாமதமாகப் போனேன். சூப்பர்வைசர் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை.

எனக்கு இதில் ஒரு கொள்கை இருக்கிறது. லிஃப்ட்டைப் பாருங்கள். தரைத்தளம் கீழே இருக்கும், மேல்மாடி மேலே இருக்கும். ஐந்தாம் மாடி போக ஐந்தை அழுத்த வேண்டும். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஒரு நாள் காலையில் லிஃப்ட்டுக்குள் நுழைகிறீர்கள். ஐந்தாம் எண் கூரைக்குப் போயிருக்கிறது. மூன்று இருந்த இடத்தில் "உங்களுக்கு ஏழாம் மாடி பிடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. சும்மா விடுவீர்களா? என்னை உதைக்க வருவீர்கள். கம்ப்யூட்டர் செய்தால் மட்டும் "அப்டேட்" என்று மரியாதை.

முன்பெல்லாம் புது வெர்ஷன் சில வருஷத்துக்கு ஒருமுறை வரும். வருவது முன்கூட்டியே தெரியும். மனசைத் தேற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு என்றார்கள். அப்புறம் ஒன்றே போதும் என்றார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், நடுநடுவே மாதாமாதம் துளித்துளியாக வேறு வருகிறது. பெய்து தொலைத்தாலும் பரவாயில்லை. இந்தத் தூறலில் குடையை மடக்கவே முடியவில்லை.

இதை என் மனைவியிடம் விளக்கினேன். அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்:

"தினம் கொஞ்சம் பெருக்கினா வீடு வீடா இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பெருக்கினா உங்க பின்னறை மாதிரி இருக்கும்."

"பின்னறையை எதுக்கு இழுக்கறே?"

"நான் எங்க இழுத்தேன்? தள்ளினாக்கூடக் கதவு திறக்க மாட்டேங்குது. பின்னால ஏதோ மோட்டார் நிக்குது."

"அப்டேட்டால உனக்கு என்ன லாபம், அதைச் சொல்லு."

"திருடன் நுழையற ஓட்டையை எல்லாம் அதுலதான் அடைக்கறாங்களாம். என் தம்பி சொன்னான். என் கஸ்டமருங்க அவங்கவங்க வீட்டு ஜன்னலைப் படம் பிடிச்சு அனுப்பறாங்க. அதை எல்லாம் ஊர்ல எவனாவது பார்த்தா நல்லாவா இருக்கும்? படம் வரையறதுக்கும் புதுசு புதுசா வசதி வருது. என் பொழைப்பே அதுலதாங்க."

"என் நிம்மதி?"

"அது எந்த வெர்ஷன்ல இருந்துச்சு?"

நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று காட்டத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உண்மையில் எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். முப்பது மாடிக்கு மேலே இருட்டில் நின்றுகொண்டு, எந்த ரிலே சுவிட்ச் எங்கே என்று கையால் தடவியே சொல்கிறவன் நான். வீட்டில் தினம் காலையில் "பிரின்ட் எங்க போச்சு? வால்யூம் எங்க போச்சு?" என்று பெண்டாட்டியைக் கேட்டு நிற்கிறேன். அவளும் ஒருநாள்கூடச் சலித்துக்கொள்ளாமல் காட்டிக் கொடுக்கிறாள். அதுதான் இன்னும் மோசம்.

எதிர் ஃப்ளாட்டில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நான் வைத்த பெயர் முதல் வரிசை. ரிட்டையர் ஆன இன்சூரன்ஸ் அதிகாரி. எது புதிதாக வந்தாலும் முதலில் அவர் வீட்டுக்கு வந்தாக வேண்டும். எல்லாருக்கும் அப்டேட் வருமுன்பே தனக்கு வரும்படி எங்கோ பேரைக் கொடுத்து வைத்திருக்கிறார். பலன், வாரத்தில் பாதி நாள் அவர் கம்ப்யூட்டர் "வேலை நடக்கிறது" என்று சுழன்றுகொண்டிருக்கும். அந்தப் பாதி நாளும் பிரின்ட் எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வருவார்.

அந்த வாரக் கடைசியில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி மேஜையில் நீலத் துணியைப் பாதி வெட்டியிருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு சந்தோஷம்?"

"ஒரு ஆபீஸ் கட்டடம். அங்க ஒரு மேனேஜர், கதவு மூடற பட்டன் சரியில்லை, அழுத்தினா மெதுவா மூடுதுன்னு புகார் மேல புகார். போனேன். துணியால பட்டனைப் பளபளன்னு துடைச்சேன். அழுத்திப் பாருங்க சார்னேன். அழுத்தினார். 'ஆஹா, இப்பத்தான்யா சரியா இருக்கு'ங்கறார்!"

"துடைச்சதும் சரியாயிடுச்சா?"

"எங்க சரியாகும்? அந்த லிஃப்ட்டுல அந்தப் பட்டனுக்குப் பின்னால வயரே கிடையாது."

கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"அப்ப கதவு?"

"அது தன் நேரத்துக்குத் தானா மூடிக்கும். அழுத்தறவருக்கு, நாமதான் மூடினோம்னு ஒரு திருப்தி."

"திருப்தியாவே போறாரா?"

"தினம் ரெண்டு வேளை."

"சண்டை கிண்டை?"

"எதுக்குச் சண்டை? அதான் மூடுதே."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். என் தொழில் நுட்பத்தைப் பார்த்து மலைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மீதித் துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்டி முடித்தாள்.

மறுநாள் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். நானே போன் பண்ணி வரச் சொல்லியிருந்தேன். எதிரி முகாமிலிருந்தே ஆளைப் பிடிப்பது என் திட்டம்.

"மாப்ளே, அப்டேட் வரவே கூடாது. என்ன வழி?"

"சில வாரம் நிறுத்தி வைக்கலாம் மாமா. அப்புறம் தானா இறங்கிடும்."

"அதெல்லாம் வேண்டாம். அடியோட நிறுத்தணும். என் பட்டன் என் இடத்துல இருக்கணும்."

மச்சினன் தலையைச் சொறிந்தான். அக்காவைப் பார்த்தான். அக்கா சமையலறைக்குள் போனாள். அவன், "தண்ணி குடிச்சிட்டு வரேன் மாமா" என்று பின்னாலேயே போனான். வெகுநேரம் குடித்தான். பாவம், வெயிலில் வந்த பிள்ளை என்று நினைத்தேன். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஒரு வழி இருக்கு மாமா. நானே உங்களுக்குன்னு ஒரு பட்டன் செஞ்சு தரேன்."

செய்தும் கொடுத்தான். திரையின் நடுவே சிவப்பாக, வட்டமாக ஒரு பட்டன். அதன் கீழே "அப்டேட் நிறுத்து" என்று எழுத்து. அழுத்தினால் பச்சை டிக் ஒன்று வரும்; "இன்று அப்டேட் நிறுத்தப்பட்டது. நன்றி" என்று வரும், கூடவே, மாடியில் லிஃப்ட் வந்து நிற்கும்போது கேட்குமே, அதே "டிங்". இன்னொரு தடவை அழுத்திக் கேட்டேன். நம் தொழிலை மதிக்கிற பிள்ளை.

"தினம் காலைல ஒரு தடவை அழுத்தணும் மாமா. மறந்தீங்கன்னா நான் பொறுப்பில்லை."

"மறப்பேனா? பராமரிப்புன்னா என்னன்னு எனக்கா சொல்லித் தரே?"

ஸ்டார்ட் பட்டனையும் பழையபடி ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தான். பழைய படத்தையே பின்னணியில் போட்டான். நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தோல்வியைக் கௌரவமாக ஏற்றுக்கொள்கிறாள் என்று எனக்கு அவள்மேல் பரிதாபம்கூட வந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பொற்காலம். எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுத்துவேன். டிங். நிறுத்தப்பட்டது. நன்றி. காலையில் அறிக்கை, சாயங்காலம் கொஞ்சம் சீட்டாட்டம். எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். கம்ப்யூட்டரை நான் அணைப்பதே இல்லை, திரையை மட்டும் அணைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஓடுகிற லிஃப்ட்டை யாராவது அணைப்பார்களா?

ஒன்று சொல்ல வேண்டும். அப்டேட்டை நிறுத்திய பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டரின் அருமையே எனக்குத் தெரிந்தது. முன்னைவிட வேகமாக ஓடியது. தேடத் தேட உள்ளே என்னென்னவோ வசதி இருந்தது. ஒருநாள் ஒரு மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போட்டேன். படத்துக்குள் இருந்த எழுத்தைத் தனியாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டது!

"பார்த்தியா? இத்தனை வருஷமா இது உள்ளேயே இருந்திருக்கு. புதுசு புதுசுன்னு அலையறதால யாரும் கவனிக்கலை."

"ஆமாங்க, நீங்க கவனிக்கலை" என்றாள் மனைவி.

"பழசோட பெருமையே தனி."

"ரொம்பத் தனிங்க."

முதல் வரிசை ஒருநாள் பிரின்ட் எடுக்க வந்தவர், அந்த எழுத்துப் பிரிக்கும் வித்தையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இது எனக்கே போன மாசம்தான் வந்துச்சு. உங்களுக்கு எப்படி?"

"உங்களுக்குப் போன மாசம். எங்க வீட்டுல ஆதியிலேருந்தே இருக்கு."

"இருக்காதே!"

"பழைய வெர்ஷன் சார். ஒரு அப்டேட்கூடக் கிடையாது. நீங்க முன்னால ஓடறேன்னு ஓடி, எங்களுக்குப் பின்னால வந்து நிக்கறீங்க."

மனுஷன் முகம் விழுந்துவிட்டது. கடைசி நம்பிக்கையாக என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவர் சொல்றது நிஜமா?"

"அவர் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் இந்த வாக்கியம் வந்ததே இல்லை. அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

இப்படி நான் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. ஒரு புது ஆஸ்பத்திரி, மொத்தக் கட்டடத்துக்கும் திரை. கட்டிலுக்குக் கட்டில், ஜன்னலுக்கு ஜன்னல். என் மனைவி இதுவரை பார்த்திராத பெரிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சினன் வந்திருந்தான். முதல் வரிசையும் வழக்கம்போலப் பிரின்ட்டுக்காக நின்றிருந்தார். என் மடியில் வழக்கம்போலத் தட்டு.

"ஏங்க, இந்த மேஜை பத்தாது. நீளத் துணி. பின்னறை கிடைச்சாத்தான் இந்த ஆர்டருக்குச் சரின்னு சொல்ல முடியும். நாளைக்குள்ள பதில் கேக்கறாங்க."

அவள் இதைக் கொஞ்சலாகவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. குரலில் ஆசை இருந்தது. எனக்கு அது காதில் விழத்தான் செய்தது. ஆனால் அந்த அறையை விட்டால் நான் எங்கே போவேன்? அந்தப் பித்தளைப் பலகைகளை யார் வைத்துக்கொள்வார்கள்? பயத்தில் எனக்குப் பேச்சு பெரிதாக வந்தது.

"இந்தா பாரு. இந்தக் கம்ப்யூட்டரைப் பாரு. எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"ஏன் ஓடுது? பழசைத் தொடாம வெச்சிருக்கேன். என் பின்னறையும் அதேதான். பழசு இருக்கணும். அதுக்கு இந்தக் கம்ப்யூட்டரே சாட்சி."

"கம்ப்யூட்டர் சாட்சியா?"

"சாட்சி."

"ஒரு அப்டேட்கூட உள்ள வரலையா?"

"என்னைத் தாண்டி எப்படி வரும்? ஒண்ணே ஒண்ணு வந்திருந்தாலும் பின்னறையைக் காலி பண்ணிக் கையில கொடுத்துடறேன்."

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். "சார், அவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா. தெளிவாக் கேட்டேன்."

மச்சினன் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான். "எங்கடா போறே, உக்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தான்.

"ஏங்க, அதை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

எனக்கென்ன பயம்? தட்டை மச்சினன் கையில் கொடுத்துவிட்டுப் போய் அணைத்தேன். திரை கறுத்தது. பிறகு நீலமாயிற்று. நீலத்தின் நடுவே எழுத்து வந்தது. அப்டேட் நடந்துகொண்டிருக்கிறது. ஏழு சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.

"ஆ! சார், இது இன்னிக்குக் காலைலதான் எல்லாருக்கும் வந்துச்சு! எனக்குப் போன மாசமே வந்தாச்சு!" என்று முதல் வரிசை கத்தினார். அவர் முகத்தில் மாசக்கணக்காகப் பார்க்காத வெளிச்சம்.

"இல்லை... நான் காலைல அழுத்தினேனே! டிங்னு சத்தம் வந்துச்சே! மாப்ளே, அந்தப் பட்டன் என்ன பண்ணும்?"

மச்சினன் மின்விசிறியைப் பார்த்தான்.

"பச்சை டிக் காட்டும் மாமா."

"அப்புறம்?"

"டிங்னு சத்தம் போடும்."

"அப்புறம்?"

"நன்றி சொல்லும் மாமா."

"அப்டேட்டை எப்ப நிறுத்தும்?"

அவன் என் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பதில் மேஜைப் பக்கத்திலிருந்து வந்தது.

"நீங்கதானே சொன்னீங்க? அழுத்தறவருக்கு ஒரு திருப்தி, கதவு தன் நேரத்துக்குத் தானா மூடிக்கும்னு."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு சதவீதம்.

"மாசாமாசம் வந்துச்சுங்க. நடுவுல பெருசு ஒண்ணுகூட வந்துச்சு. மத்தியானம் நீங்க எங்கயோ கயித்துல தொங்கிக்கிட்டிருப்பீங்க. நான் அணைச்சுப் போடுவேன், அது பாட்டுக்கு ஆயிடும். ஏதாவது இடம் மாறியிருந்தா நீங்க வர்றதுக்குள்ள பழையபடி நகர்த்தி வெச்சிடுவேன். அப்படிப் பார்த்தா நீங்க கேட்டது நடந்துச்சுல்ல? இந்த வீட்டுல ஒரு பட்டனும் இடம் மாறலையே?"

"அந்த எழுத்துப் பிரிக்கற வித்தை?"

"போன மாசம் வந்தது."

"வேகமா ஓடினது?"

"அதுக்கு முந்தின மாசம்."

இத்தனை மாசமும் இவள் சத்தமில்லாமல் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறாள். கோபப்பட வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை. என் தொழிலில் இதைவிட நல்ல பராமரிப்பை நான் கண்டதில்லை. நாற்பத்தைந்து சதவீதத்தில் எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினேன். மோட்டார் மறித்தது. முதல் வரிசையும் வந்து தோள் கொடுத்தார். அன்று அவரை எங்கே கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார்.

சாயங்காலத்துக்குள் அறை காலி. இரும்பு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஒரே ஒரு பித்தளைப் பலகையை மட்டும் என் மனைவி கேட்டு வாங்கி, துடைத்து, பின்னறைக் கதவுக்கு வெளியே ஆணி அடித்து மாட்டினாள். "இது எங்கயும் நகராது. வேணும்போது வந்து பார்த்துக்குங்க" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சரி என்றாள். அன்று ராத்திரி எல்லாரும் மேஜையில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். மடியில்லாமல் சாப்பிட எனக்குக் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சிவப்புப் பட்டன் அங்கேயே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. மனைவி பின்னறையில் துணி அளந்துகொண்டிருந்தாள். கத்திரிக்கோல் சத்தம் கேட்டது. ஒருமுறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் முதுகு தெரிந்தது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கலாம் என்று தேடினேன். அது இடம் மாறியிருந்தது. சரி, போகட்டும் என்று அழுத்திவிட்டேன்.

டிங்.

பின்னறையில் கத்திரிக்கோல் நின்றது.

"திருப்தியாங்க?"